கையுறை விரலும் கண்ணாடித் திரையும்

சிஎன்சி லேத்தில் நிற்கிறவர்களுக்கு இது தினப்படி கணக்கு. முப்பது மில்லிமீட்டர் விட்டம் வர வேண்டிய ஜாப்பை மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்தால் 30.04 காட்டுகிறது. டூல் முனை தேய்ந்திருக்கிறது. ஆப்பரேட்டர் ஆஃப்செட் பக்கத்துக்குப் போய், தேய்மானக் கட்டத்தில் மைனஸ் 0.04 என்று அடிக்கிறார். திரையின் அடியில் இரண்டு சாஃப்ட் கீ: ஒன்று இன்புட், மற்றது பிளஸ் இன்புட். பிளஸ் இன்புட்டை அழுத்தினால் ஏற்கெனவே இருக்கும் எண்ணோடு இது சேரும். இன்புட்டை அழுத்தினால் பழைய எண் அழிந்து இது மட்டும் அந்த இடத்தில் உட்காரும். கட்டத்தில் முன்பே மைனஸ் 0.12 இருந்தது என்று வையுங்கள். சரியான கீ என்றால் அது மைனஸ் 0.16 ஆகி ஜாப் முப்பதுக்கு வரும். மற்றதில் விரல் பட்டால் மைனஸ் 0.04 ஆகி, அடுத்த ஜாப் 30.12-இல் வந்து நிற்கும்.

வெளிவிட்டத்தில் உலோகம் கூடுதலாக நின்றால் பரவாயில்லை, மறுபடி கடையலாம். பிழை எதிர்த்திசையில் போனால் அந்த ஜாப் ஸ்க்ராப்தான். இதைவிட மோசமானது புள்ளி. ஃபானுக் கன்ட்ரோல்களின் வழக்கமான அமைப்பில், புள்ளி வைக்காமல் அடிக்கும் எண்ணை இயந்திரம் மைக்ரானாக எடுத்துக்கொள்ளும். 40 என்று அடித்தால் 0.040 மில்லிமீட்டர். அதே 40-க்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்தால் 40 மில்லிமீட்டர். ஒரு புள்ளியில் ஆயிரம் மடங்கு வித்தியாசம். அடுத்த சுற்றில் டூல் சக்கில் போய் மோதினால், டூல்களைத் தாங்கும் டரெட்டை நேராக்கவே ஒரு நாள் போய்விடும்.

இதை ‘ஆப்பரேட்டர் கவனக்குறைவு’ என்று ரிஜெக்‌ஷன் ரிப்போர்ட்டில் எழுதிவிடுவது எளிது. பெரும்பாலான கம்பெனிகளில் அப்படித்தான் எழுதுகிறார்கள். ஆனால் இரவு ஷிஃப்டில், நானூறாவது ஜாப்பில், ஒரே மாதிரி இரண்டு கீயை ஒட்டி வைத்துவிட்டுக் கவனத்தை மட்டும் கேட்பது எந்த ஊர் நியாயம்? இந்தக் கேள்வியை முதலில் கேட்டவர்கள் லேத்காரர்கள் இல்லை, விமானப் படைக்காரர்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 குண்டுவீச்சு விமானங்கள் பத்திரமாகத் தரையிறங்கிய பிறகு, ஓடுதளத்திலேயே வயிறு தரையில் படும்படி விழுந்தன. விமானி இறக்கை மடலை மேலேற்றுவதாக நினைத்துச் சக்கரத்தை மடக்கியிருந்தார். இரண்டு சுவிட்சும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபான்ஸ் சப்பானிஸ் விமானிகளுக்குப் புத்திமதி சொல்லவில்லை. சக்கரத்துக்கான பிடியில் சின்ன ரப்பர் சக்கரம் ஒன்றையும், மடலுக்கான பிடியில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் மாட்டச் சொன்னார். கண் பார்க்காவிட்டாலும் விரல் கண்டுபிடித்துவிடும். சக்கரத்துக்குச் சக்கர வடிவப் பிடி என்ற அந்த வழக்கம் இன்றுவரை விமானங்களில் இருக்கிறது.

எர்கனாமிக்ஸ் என்றதும் முதுகு வலிக்காத நாற்காலிதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. நாற்காலியும் அதில் அடக்கம். ஆனால் உட்காரவே இடமில்லாத ஷாப் ஃப்ளோரில் அதன் பெரிய பகுதி வேறு: மனிதரின் கை, கண், காது, மறதி, களைப்பு எல்லாம் எப்படி இருக்கின்றனவோ அப்படியே எடுத்துக்கொண்டு கருவியை அதற்கேற்ப அமைப்பது.

கும்மிடிப்பூண்டியில் இது கொஞ்சம் கூடுதலாகவே பொருந்தும். சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையை ஒட்டிய இந்த சிப்காட்டில் இரும்பு உருக்கும் ஆலை, ரோலிங் மில், வார்ப்படப் பட்டறை, வாகன உதிரிபாகம், ரசாயனம் எல்லாம் கலந்து கிடக்கின்றன. சற்று மேற்கே தேர்வாய்க்கண்டிகையில் மிஷெலின் டயர் ஆலை. திருவள்ளூர்ப் பக்கம் போனால் காக்களூர் சிட்கோவின் சிறு பட்டறைகள், மேல்நல்லாத்தூரில் கேட்டர்பில்லர். ஒரே ஷெட்டில் கவரைப்பேட்டைக்காரர், ஆரம்பாக்கத்தைத் தாண்டி ஆந்திராவிலிருந்து வருகிறவர், பிகார், ஒடிசா, வங்காளம், அசாம் என்று ரயிலேறி வந்தவர் எல்லாரும் ஒரே மெஷினை ஷிஃப்ட் மாற்றி ஓட்டுகிறார்கள். மெஷின் சீனாவிலிருந்தோ தைவானிலிருந்தோ வந்திருக்கும். திரையில் ஆங்கிலம். கையில் கையுறை, கையுறையில் எண்ணெய், நெற்றியில் சித்திரை மாத வியர்வை. திரையை வடிவமைத்தவர் ஏசி அறையில் வெறும் விரலால் தொட்டுப் பார்த்துச் சரி என்று அனுப்பியிருப்பார்.

அந்தத் திரை எந்த வகை என்பதில் பாதி விஷயம் இருக்கிறது. பழைய வகை ரெசிஸ்டிவ். மேலே நெகிழும் ஒரு படலம், கீழே ஒரு கண்ணாடி, நடுவில் மெல்லிய இடைவெளி. அழுத்தினால் இரண்டும் தொட்டுக்கொள்ளும். எந்த இடத்தில் தொட்டது என்று மின்னழுத்தத்தை வைத்து அறியும். எதனால் அழுத்தினாலும் வேலை செய்யும்: கையுறை, பேனா மூடி, அவசரத்துக்கு ஆலன் கீ கூட. அதனாலேயே படலம் கீறிக் கிழிந்துவிடும். புதிய வகை கெப்பாசிடிவ். நம் செல்போனில் இருப்பது. கண்ணாடிக்குக் கீழே ஒரு மெல்லிய மின்புலம் இருக்கிறது. மின்கடத்தியான நம் விரல் பக்கத்தில் வந்ததும் அது மாறுகிறது, அந்த மாற்றத்தைத்தான் திரை படிக்கிறது. அழுத்தவே வேண்டாம். கண்ணாடி என்பதால் நீண்ட நாள் உழைக்கும், பார்க்கவும் பளிச்சென்று இருக்கும். ஆனால் தடித்த தோல் கையுறை விரலுக்கும் மின்புலத்துக்கும் குறுக்கே நின்றுவிடும். வியர்வைத் துளியும் கூலன்ட் துளியும் மின்கடத்திகள், அவை விழுந்தால் விரல் பட்டதாகத் திரை ஏமாறும். கையுறையை ஏற்கும் திரைகளும் இருக்கின்றன. உணர்திறனைக் கூட்டி வைத்திருப்பார்கள், எவ்வளவு தடிமன் வரை என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேட்காமல் வாங்கிய இடங்களில் வலது கைக் கையுறையின் ஆள்காட்டி விரலைப் பிளேடால் வெட்டிவிடுகிறார்கள். பாதுகாப்பு அதிகாரி பார்த்தால் திட்டுவார். திரையை வாங்கியவரை யாரும் திட்டுவதில்லை.

இன்னொரு இழப்பு கண்ணுக்குத் தெரியாது. பட்டனுக்கு விளிம்பு உண்டு, அழுத்தினால் ஒரு ‘டக்’ உண்டு. கம்ப்யூட்டர் விசைப்பலகையில் எஃப், ஜே இரண்டு எழுத்திலும் ஒரு சின்ன மேடு இருக்கும், பழைய செல்போனில் 5-இல் ஒரு புள்ளி இருக்கும், தடவிப் பாருங்கள். விரல் தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கத்தான் அவை. வழுவழுப்பான கண்ணாடியில் அந்த வழி இல்லை, ஒவ்வொரு தடவையும் கண் அங்கே போக வேண்டும். கண் திரைக்குப் போன நேரத்தில் ஜாப்பையும் டூலையும் பார்க்க ஆள் இல்லை. அதனால்தான் நல்ல மெஷின் தயாரிப்பாளர்கள் எத்தனை பெரிய திரை வைத்தாலும் சைக்கிள் ஸ்டார்ட், ஃபீட் ஹோல்ட், ஃபீட் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, அச்சை நகர்த்தும் ஹேண்ட்வீல் இவற்றைத் தனிப் பொருளாகவே விடுகிறார்கள். முதல் ஜாப் ஓட்டும் செட்டரைக் கவனியுங்கள். ஒரு கை ஃபீட் திருகில், ஒரு விரல் ஃபீட் ஹோல்டில், கண் முழுக்க டூல் முனையில். இதைத் திரையில் செய்யச் சொன்னால் அவர் வேலையை விட்டுப் போய்விடுவார், நியாயமும் அவர் பக்கம்தான்.

பட்டனின் அளவு பற்றி ஒரு பழைய விதி இருக்கிறது. 1954-இல் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர் கண்டது: கை ஓர் இலக்கைப் போய்த் தொட ஆகும் நேரம், இலக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு அகலம் என்ற இரண்டையும் பொறுத்தது. தூரம் இரட்டிப்பானால் நேரம் குறிப்பிட்ட அளவு கூடும். அகலம் பாதியானாலும் அதே அளவு கூடும். பிற்காலத்தில் கம்ப்யூட்டர் மவுஸையும் தொடுதிரையையும் இதை வைத்துத்தான் அளந்தார்கள். கன்ட்ரோல் பேனலில் சாதாரணமாகப் பயன்படும் பட்டனுக்கு 22 மில்லிமீட்டர் துளை போடுவார்கள், கையுறைக் கட்டைவிரலுக்கும் அது போதும். அதே வேலைகளைச் சின்னத் திரையில் நெருக்கி அடுக்கினால் ஒவ்வொரு தொடுகையும் மெதுவாகும், தவறும். திரையை முகத்துக்கு நேராகச் செங்குத்தாக மாட்டினால் கை தூக்கியபடியே இருக்க வேண்டும், அரை மணியில் தோள் கடுக்கும். தொடுதிரை மேசைக் கம்ப்யூட்டர்கள் 1980-களில் பெரிதாக எடுபடாததற்கு இந்தக் கடுப்பும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. ஷாப் ஃப்ளோரில் திரை முழங்கை உயரத்துக்குச் சற்று மேலே, கொஞ்சம் சாய்வாக இருப்பது நல்லது. உயரமான பஞ்சாபிக்காரருக்கும் குள்ளமான நம் ஊர்ப் பெண்ணுக்கும் ஒரே மெஷின் என்றால் மேலும் கீழும் நகரும் தாங்கிதான் வழி.

சிவப்புக் காளான் பட்டனுக்கு வருவோம். எமர்ஜென்சி ஸ்டாப். மஞ்சள் பின்னணியில் சிவப்பு, உள்ளங்கையால் அடிக்கும் அளவு தலை, அடித்தால் அப்படியே உள்ளே பூட்டிக்கொள்ளும், திருப்பினாலோ இழுத்தாலோதான் வெளியே வரும், வெளியே வந்ததும் மெஷின் தானாக ஓடத் தொடங்கக் கூடாது. ஐஎஸ்ஓ 13850 என்ற உலகத் தரம் இவற்றையெல்லாம் வகுத்திருக்கிறது. எந்த மொழிக்காரருக்கும் இதை மொழிபெயர்க்க வேண்டியதில்லை. ஸ்பிரிங் உடைந்தாலும் தொடர்பு ஒட்டிக்கொண்டாலும்கூட, பட்டனை அடிக்கும் விசையே உள்ளே இருக்கும் இணைப்பைப் பிரித்துவிடும்படி இதைச் செய்கிறார்கள். நான் பார்த்த வரையில் புதுக் கருவி எதுவும் இதை மிஞ்சவில்லை.

புதிதாக வந்தவற்றில் ரோபோவின் டீச் பென்டன்ட் கெட்டிக்காரத்தனமானது. ரோபோவுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறவர் வேலிக்குள்ளே போய் நிற்க வேண்டியிருக்கும். கையில் பிடிக்கும் அந்தப் பலகையின் பின்னால் மூன்று நிலை சுவிட்ச் ஒன்று உண்டு. விட்டுவிட்டால் ரோபோ நிற்கும். அளவாகப் பிடித்தால் ஓடும், அதுவும் நொடிக்கு 250 மில்லிமீட்டர் என்ற வரம்புக்குள். இறுக்கிப் பிடித்தால் மறுபடி நிற்கும். ஏன் மூன்று நிலை? பயந்துபோன மனிதன் கையை விட்டுவிடவும் செய்வான், இறுக்கிப் பிடிக்கவும் செய்வான். இரண்டில் எதைச் செய்தாலும் ரோபோ நிற்க வேண்டும். பதற்றத்தில் யோசிக்கச் சொல்லாமல் பதற்றத்தையே சிக்னலாக எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பவர் ப்ரெஸ்ஸில் கதை இவ்வளவு சுத்தமாக இல்லை. இரண்டு கை பட்டன் என்பது தெரிந்த ஏற்பாடு: இரண்டு பட்டனையும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுத்தினால்தான் ஸ்ட்ரோக் இறங்கும், அடுத்த ஸ்ட்ரோக்குக்கு இரண்டையும் விட்டு மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் டையில் இருக்க முடியாது. ஆனால் பட்டன் டையிலிருந்து எவ்வளவு தள்ளி என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. கை நொடிக்கு 1.6 மீட்டர் வேகத்தில் பாயும் என்று வைத்துக்கொள்வார்கள். நின்று முடிய 0.3 நொடி எடுக்கும் ப்ரெஸ் என்றால், பட்டனை விட்ட கை அதற்குள் 48 சென்டிமீட்டர் போய்விடும். பட்டன் அதற்கும் அப்பால் இருக்க வேண்டும். சிறு பட்டறைகளில் இருக்கும் பழைய கீ கிளட்ச் ப்ரெஸ்ஸோ, ஒரு முறை பிடித்தால் முழுச் சுற்று சுற்றாமல் நிற்கவே நிற்காது. அதில் இரண்டு பட்டன் மாட்டிவிட்டுப் பாதுகாப்பு வந்துவிட்டது என்று நிம்மதியடைவது ஏமாற்று. அங்கே கை நுழையாத வேலிதான் உண்மையான காப்பு. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் முதலில் சொன்னதும் அந்த வேலியைத்தான்.

ஒரு பட்டனை டேப் சுற்றியோ கட்டைத் துண்டு சொருகியோ அழுத்தியே வைத்துவிட்டு ஒற்றைக் கையால் ஓட்டுவது ஊரறிந்த விஷயம். சரியான கன்ட்ரோலர் இருந்தால் அது நடக்காது, அரை நொடி விதியில் மாட்டிக்கொள்ளும். மலிவான சர்க்யூட்டில் நடக்கும். டேப் சுற்றியவரைக் கேட்டால் இரண்டு பதில் வரும்: பீஸ் எண்ணிக்கை, மணிக்கட்டு வலி. ஒரு ஷிஃப்டில் ஆயிரக்கணக்கான முறை கெட்டியான ஸ்பிரிங்கை உள்ளங்கையால் தள்ளிப் பார்த்தால் தெரியும். தொட்டாலே போதும் என்ற விசையில்லாப் பட்டன்கள் இதற்காகவே வந்திருக்கின்றன, தற்செயலாகத் தட்டாதபடி மேலே குடையும் வைத்து. ஹரியானாவின் வாகன உதிரிபாகப் பட்டறைகளில் விரல் இழந்தவர்களைத் தொடர்ந்து கணக்கெடுக்கும் ‘சேஃப் இன் இந்தியா’ அமைப்பின் ஆண்டறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் மெஷின் பவர் ப்ரெஸ்தான். நம் பக்கப் பட்டறைகளிலும் மெஷின் அதேதான்.

உருக்காலைக்குள் தலைக்கு மேல் ஓடும் கிரேனில் பிரச்சினை திசை. கீழே தொங்கும் பென்டன்டில் மேலே, கீழே, லாங் டிராவல், கிராஸ் டிராவல் என்று பட்டன்கள். பாதி அழுத்தினால் மெதுவாக, முழுக்க அழுத்தினால் வேகமாக என்ற இரண்டு படிப் பட்டன் இருந்தால் நல்ல அமைப்பு, விரலுக்கே வேகம் தெரியும். ஆனால் இடது வலது என்று எழுதியிருந்தால் யாருடைய இடது? ஆப்பரேட்டர் லேடில் வாளியின் இந்தப் பக்கம் நின்றால் ஒன்று, சுற்றிப்போய் அந்தப் பக்கம் நின்றால் நேர் எதிர். உருகிய இரும்பு தொங்கும்போது இதை மனசுக்குள் திருப்பிப் போட்டுக்கொண்டிருக்க முடியாது. இப்போது வயரில்லாத ரிமோட் வந்திருக்கிறது. ஒரு வகையில் பெரிய நன்மை: பாரத்துக்குக் கீழே, அனலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. இன்னொரு வகையில் குழப்பம் கூடுகிறது, எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்பதால் திசை எப்படி வேண்டுமானாலும் மாறும். இதற்கு அதிகச் செலவில்லாத தீர்வு இருக்கிறது: கிரேனின் உத்தரத்தில், கீழிருந்து தெரியும் அளவுக்குப் பெரிதாகத் திசைக் குறிகளை வரைந்து, அதே குறிகளை அதே நிறத்தில் பட்டன் பக்கத்திலும் ஒட்டுவது. இடது வலதை மறந்து, வட்டம் வரைந்த பக்கம் போக வட்டத்தை அழுத்தினால் போதும். பெயின்ட் டப்பாவும் அரை மணி நேரமும் போதும் என்றாலும் பல ஷெட்டுகளில் இது இல்லை.

வயரில்லா ரிமோட்டில் இன்னொன்று கவனிக்க வேண்டும். பேட்டரி தீர்ந்தோ அணைத்து வைத்தோ கிடக்கும் ரிமோட்டில் அந்தச் சிவப்பு பட்டன் வெறும் பிளாஸ்டிக். பார்க்க உயிருள்ளது போலவே இருக்கும். ஐஎஸ்ஓ 13850 இந்தக் குழப்பத்தைத் தவிர்க்கச் சொல்கிறது: வேலை செய்யாத ஸ்டாப் பட்டன் ஆள் கண்ணில் படும்படி கிடக்கக் கூடாது. பூட்டிய அலமாரிக்குள் வைப்பது ஒரு வழி. இயங்கும்போது மட்டும் சிவப்பாக ஒளிரும் பட்டன் இன்னொரு வழி.

கேட் வாசலில் விரல் வைக்கும் மெஷினும் ஓர் உள்ளீட்டுக் கருவிதான். வார்ப்பட மணல், சிமென்ட், ரசாயனம் என்று கையாளுகிறவர்களின் விரல் ரேகை தேய்ந்துபோயிருக்கும். ரேகையின் மேடு பள்ளத்தைப் படிக்கும் சென்சாருக்குப் படிக்க எதுவும் இல்லை. மழைக்காலத்தில் ஈரம், மற்ற நேரத்தில் எண்ணெய். ரேஷன் கடையில் வயதானவர்கள் படும் அதே பாட்டை இங்கே நாற்பது வயதுக்காரர் படுகிறார். வேலை செய்து தேய்ந்த கைக்கு, வேலைக்கு வந்தான் என்ற வருகைப் பதிவு விழவில்லை. முகம் பார்க்கும் கருவி வந்த பிறகு இது கொஞ்சம் குறைந்தது, அதையும் கிழக்குச் சூரியன் நேராக அடிக்கும் கேட்டில் மாட்டினால் காலை ஷிஃப்டுக்கு வரிசை நீளும். எந்தக் கருவியானாலும் கூடவே ஒரு அட்டையோ கடவு எண்ணோ மாற்று வழியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அரை நாள் சம்பளப் பஞ்சாயத்தை எச்ஆர் அறையில் தினமும் நடத்த வேண்டியதுதான்.

குரலில் கட்டளை கொடுக்கலாமே என்று கேட்பார்கள். 2022-இல் வந்த மத்திய அரசின் பாஷினி திட்டமும், சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழுவும் தமிழ் உட்பட இந்திய மொழிகளின் பேச்சைக் கம்ப்யூட்டருக்குப் புரியவைக்க நன்றாகவே உழைத்திருக்கின்றன. கிடங்கில், அமைதியான இடத்தில், இரண்டு கையிலும் பெட்டி இருக்கும்போது குரல் உதவும். ப்ரெஸ் ஷாப்பில் பக்கத்தில் நிற்பவரிடமே கத்திப் பேச வேண்டியிருக்கிறது, காதில் பிளக் வேறு. அங்கே நிறுத்து என்பதைக் குரலுக்கு விடவே கூடாது.

திரையில் தமிழ் வருமா என்றால், வரும், கொஞ்சம் படுத்தும். விசைப்பலகை விஷயத்தை நாம் 1999-லேயே ஒரு வழி செய்துவிட்டோம். சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி அரசு அறிவித்த தமிழ்99 அமைப்பு எர்கனாமிக்ஸ் தெரிந்தவர்கள் வேலை: உயிர் எழுத்துகள் இடது கைக்கு, அதிகம் வரும் மெய்கள் வலது கைக்கு, கைகள் மாறி மாறி விழும், பல இடங்களில் புள்ளி தானே விழும். ஆனால் பட்டறைத் திரையில் யாரும் கட்டுரை அடிப்பதில்லை. படிக்க வேண்டும், அவ்வளவுதான். பழைய எச்எம்ஐ திரைப் பேனல்கள் பலவற்றுக்கு எழுத்தைக் கோத்துக் காட்டத் தெரியாது, கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கம் என்று உடைந்து வரும். ஆங்கிலத்துக்கு அளந்த பட்டனுக்குள் தமிழ் அடங்காமல் வெட்டுப்படும். சொற்களைப் படமாகச் செய்து போட்டுச் சமாளிக்கிறார்கள், அது சரியான யோசனைதான். மெனு முழுவதையும் மொழிபெயர்க்க ஆசைப்படுவதைவிட, இரவு மூன்று மணிக்கு வரக்கூடிய பத்துப் பன்னிரண்டு அலாரங்களுக்கு மட்டும் தமிழிலும் இந்தியிலும் என்ன ஆனது, என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரியும் படமும் போட்டால் பயன் பல மடங்கு.

புது மெஷின் வாங்கப் போகிறவர்கள் வழக்கமாக முதலாளி, பர்ச்சேஸ், மெயின்டனன்ஸ் என்று மூன்று பேராகப் போகிறார்கள். வண்டியில் நான்காவது சீட்டில் ஆப்பரேட்டர் ஒருவரையும், அவருடைய பழைய எண்ணெய்க் கையுறையையும் ஏற்றிக்கொள்ளுங்கள். டெமோ கொடுப்பவர் ஓட்டிக் காட்டுவதைப் பார்த்து வராமல், யாரும் சொல்லித்தராமல் அவரையே ஆஃப்செட் மாற்றச் சொல்லுங்கள், அலாரம் ஒன்றை வரவழைத்து அதை நீக்கச் சொல்லுங்கள், திரையில் நாலு சொட்டுத் தண்ணீர் தெளித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். எங்கே அவர் விரல் அந்தரத்தில் தயங்கி நிற்கிறதோ அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் தயாரிப்பாளரிடம் மாற்றித்தரச் சொல்லலாம். தேய்மான ஆஃப்செட்டுக்கு உச்ச வரம்பு வைப்பது, எண்ணை ஏற்கும் முன் ‘மாற்றவா’ என்று ஒரு முறை கேட்கவைப்பது எல்லாம் பல கன்ட்ரோல்களில் ஏற்கெனவே இருக்கும் வசதிகள்தான், யாராவது கேட்டால் இன்ஸ்டலேஷனுக்கு வருகிறவர் பத்து நிமிடத்தில் போட்டுக்கொடுத்துவிட்டுப் போவார்.